நெடுமடைக் கண்மாய்ப் படகுக்குக் கொக்கி தேர்ந்தெடுத்த வரலாறு

படகு என்று ஒன்று இருந்தால் அதைக் கரைக்கு இழுக்க ஒரு கம்பு வேண்டும். கம்பின் நுனியில் ஒரு கொக்கி வேண்டும். கொக்கியைப் படகின் விளிம்பில் மாட்டி இழுத்தால் படகு சமர்த்தாகப் படித்துறையோடு வந்து ஒட்டிக்கொள்ளும். கயிற்றைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் சர்க்கார் உத்தியோகம் பார்க்காதவர்கள். அவர்களுடைய அறியாமையை மன்னித்து மேலே செல்வோம்.

நீர்நிலை உல்லாச மேம்பாட்டுத் துறையின் மதுரை அலுவலகத்துக்கு எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாசத்தில் ஒரு படகு வந்து சேர்ந்தது. சமயநல்லூருக்கு அந்தாண்டை இருக்கும் நெடுமடைக் கண்மாயில் பொதுமக்கள் குடும்ப சகிதம் சவாரி செய்து மகிழவேண்டும் என்று சென்னையில் யாரோ திருவுளம் பற்றிவிட்டார்கள். முன்பக்கம் அன்னப்பறவை முகம் வைத்த படகு. அதைச் செய்த ஆள் அன்னத்தை ஆயுசில் பார்த்ததில்லை போலிருக்கிறது. முகம் அச்சு அசல் டிராபிக் கான்ஸ்டபிள் ஜாடை. துடுப்பு, கயிறு, மிதவை எல்லாம் படகோடு வந்துவிட்டன. கொக்கிக் கம்பை மட்டும் "அந்தந்த ஊர்த் தேவைக்கேற்பத் தேர்ந்தெடுத்துக்கொள்ளவும்" என்று விட்டுவிட்டார்கள். அந்த ஒரு வரி கண்காணிப்பாளர் வெங்கட்ரமணன் தலையில் வந்து விடிந்தது.

வெங்கட்ரமணன் பாவம், சாதுவான மனுஷர். சாயல்குடி, கமுதி என்று சொட்டுத் தண்ணீர் இல்லாத ஊர்களாகப் பார்த்து நீர்நிலைத் துறைக்கு உழைத்துவிட்டு அப்போதுதான் மதுரைக்கு மாற்றல் வாங்கி வந்திருந்தார். மனைவி ஸ்யாமளாவுக்கு மதுரையில் டீச்சர் வேலை. கல்யாணமான நாளிலிருந்து இவர் ஓர் ஊரில் மெஸ் சாப்பாடு, அவள் ஓர் ஊரில் தனிக்குடித்தனம். "இனிமே உங்களை எவனாவது வெளியூருக்கு மாத்தினான்னா, நான் ஆபீஸ் வாசல்ல வந்து உக்காந்துண்டுடுவேன், பாத்துக்கோங்கோ" என்று அவள் எச்சரித்திருந்தாள். ஆகையால் வெங்கட்ரமணனுக்கு இந்த உலகத்தில் இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். மதுரையைவிட்டு நகரக்கூடாது.

துணை இயக்குநர் மலையாண்டிக்கு அது தெரியும். அதனால்தான் அவர் வெங்கட்ரமணனிடம் எதைப் பேசினாலும் கடைசியில் "மண்டபம் தெரியுமில்ல?" என்று முடிப்பார். ராமேஸ்வரத்துக்கு இந்தாண்டை, கடலோரத்தில், மண்டபத்தில் துறைக்கு ஒரு கிளை இருந்தது. உப்புக் காற்று, சோற்றில் மணல், ரயிலில் வந்தால் குடிதண்ணீர். அங்கே போனவர்கள் கறுத்து, இளைத்து, அதிகம் பேசாதவர்களாகத் திரும்பி வந்தார்கள்.

"கொக்கி விஷயம் என்னய்யா ஆச்சு?" என்றார் மலையாண்டி.

"சார், ஒரு சவுக்குக் கம்பு வாங்கி, நுனியில இரும்புக் கொக்கி அடிச்சுட்டா..."

மலையாண்டி சட்டைப் பையிலிருந்து என்னமோ எடுத்தார். பித்தானை அமுக்கினார். படக்கென்று ஒரு குடை மேஜைக்கு மேலே விரிந்து நின்றது. சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் கொடுத்தனுப்பியது.

"இது என்ன?"

"குடை சார்."

"எங்கே இருந்துச்சு?"

"உங்க பையில சார்."

"உம்ம குடை எங்கே இருக்கு?"

"வாசல்ல, மூலைல சாத்தி வச்சிருக்கேன் சார்."

"பார்த்தீரா? வெள்ளைக்காரன் குடை பைக்குள்ள இருக்கு. உம்ம குடை மூலைல கிடக்கு. இந்த நாடு உருப்படாததுக்கு வேற காரணம் வேணுமாய்யா?"

மலையாண்டிக்கு அந்த வருஷம் அப்படி ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. இழுத்தால் நீளவேண்டும், அழுத்தினால் மடங்கவேண்டும். அப்படி இல்லாத பொருளை அவர் பொருளாகவே மதிக்கவில்லை. மடக்குக் கட்டில், மடக்கு நாற்காலி, மடக்குச் சீப்பு. சுவரில் இருக்கும் மேப்பைக் காட்டக்கூட டிரான்சிஸ்டர் ஏரியலை இழுத்து நீட்டித்தான் காட்டுவார். அவரைப் பார்த்து ஆபீஸில் பாதிப் பேர் மடக்குக் குடைக்கு மாறியிருந்தார்கள். மழை மட்டும் இல்லை.

"கொக்கியும் நீளணும், மடங்கணும். தேர்வுக் குழு போடுங்க. படகு திறப்பு விழாவுக்குக் கொக்கி தயாரா இல்லைன்னா, மண்டபம் தெரியுமில்ல?"

தேர்வுக் குழு கூடியது. முதல் கேள்வி, கொக்கிக் கம்பு எவ்வளவு நீளம் இருக்கவேண்டும்? படித்துறைக்கும் படகுக்கும் உள்ள தூரம் எவ்வளவோ அவ்வளவு. நியாயமான பதில்தான். எல்லோரும் ஜீப் ஏறிக் கண்மாய்க்குப் போய் அளந்தார்கள். ஆறடி இருந்தது. ஆறடி என்று முடிவு செய்து, வடை சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் மாசி வெயிலில் கண்மாய் உள்வாங்கிவிட்டது. மறுபடி அளந்தால் பன்னிரண்டடி. பங்குனியில் இன்னும் தள்ளிப் போய்விட்டது. வெங்கட்ரமணன் காவல்காரன் விருமாண்டியைக் கூப்பிட்டார். படகோட்டியும் அவன்தான். தண்ணீர் என்றால் அவனுக்குக் கண்டம் என்று ஜாதகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் வேலைக்கு எடுத்தவர்கள் சர்டிபிகேட்தான் கேட்டார்கள், ஜாதகம் கேட்கவில்லை.

"ஏம்பா, படகு ஏன் இப்படித் தூரமா போயிண்டே இருக்கு?"

"தானா போகல சார், நாந்தேன் தள்ளிக்கிட்டுப் போறேன். படகுன்னா தண்ணியிலதான சார் நிக்கணும்? தண்ணி எங்கிட்டுப் போகுதோ அங்கிட்டு நானும் தள்ளிக்கிட்டே போறேன்."

"படித்துறை கிட்டயே விட்டிருக்கலாமேப்பா."

"தரையில நிக்கிறதுக்கு அது என்ன கட்டைவண்டியா சார்?"

சித்திரையில் தூரம் நாற்பதடி ஆயிற்று. வைகாசியில் தள்ளிக்கொண்டு போகத் தண்ணீரே இல்லை. படகு பாளம் பாளமாக வெடித்த களிமண்ணில் உட்கார்ந்து, டிராபிக் கான்ஸ்டபிள் முகத்தோடு சமயநல்லூரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பின் நீளம் நாற்பதடி என்று குழு ஏகமனதாக நிர்ணயித்தது.

"சார், மழை பேஞ்சு தண்ணி வந்துடுத்துன்னா ஆறடியே போறுமே" என்று வெங்கட்ரமணன் பலவீனமாகச் சொல்லிப் பார்த்தார்.

"வந்தா மடக்கிக்கலாம்யா. அதுக்குத்தானேய்யா மடங்குற கொக்கி கேக்குறேன்?" என்றார் மலையாண்டி. அந்த விஷயத்தில் மட்டும் அவரை யாரும் மடக்க முடியாது.

அப்புறம் வர்ணம். கறுப்பும் சிவப்பும் அடித்தால் ஒரு கட்சி, நடுவில் வெள்ளை வந்தால் இன்னொரு கட்சி, பச்சையைத் தொட்டால் வேறொரு வில்லங்கம். எந்த இரண்டு வர்ணத்தைச் சேர்த்தாலும் ஏதாவது ஒரு கட்சியின் கொடியாகிவிடுகிறது. ஆகவே கம்பைக் கம்பி வர்ணத்திலேயே விட்டுவிடுவது என்று தீர்மானித்து, அதற்காக ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

மாதிரிகள் வந்தன. கண்மாயில் தண்ணீர் இல்லாததால் சோதனை ஆபீஸ் வராந்தாவில் நடந்தது. சக்கர நாற்காலியில் விருமாண்டியைப் படகாக உட்கார வைத்தார்கள். வெங்கட்ரமணன் படித்துறை. முதல் மாதிரி நீண்டது, ஆனால் நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே போய் எதிர் மாடியில் காய்ந்த ஒரு சுங்குடிச் சேலையைக் கொத்திக்கொண்டு வந்தது. சேலைக்காரி கீழே வந்து பேசிய பேச்சில் சோதனை அரை மணி நேரம் நின்றது. இரண்டாவது மாதிரி விருமாண்டியின் பனியனில் மாட்டி, பனியன் மட்டும் வந்தது.

"படகு வரல, பாய்மரம் வந்துருச்சு சார்" என்றான் விருமாண்டி, கையால் நெஞ்சை மூடிக்கொண்டு.

அந்த நேரம் பார்த்து சோணையம்மாள் வந்து நின்றாள். கண்மாய்க் கரையில் ஆடு மேய்ப்பவள். கரையில் துறை ஒரு போர்டு வைத்திருந்தது: "உல்லாசப் பகுதி. ஆடு மேய்க்கத் தடை." அதை எடுக்கச் சொல்லிக் கேட்க அவள் வந்தது அது எத்தனையாவது தடவையோ. கையில் தொரட்டிக் கம்பு. வேலமரத்துக் காயை ஆட்டுக்கு இழுத்துப்போடுகிற, நுனியில் வளைந்த இரும்பு கட்டிய அதே தொரட்டிதான்.

குழுவில் ஒருவர் அதையும் ஒரு மாதிரி என்று நினைத்து வாங்கி வெங்கட்ரமணனிடம் கொடுத்துவிட்டார். வெங்கட்ரமணன் நாற்காலிக் கையில் மாட்டி ஓர் இழுப்பு இழுத்தார். விருமாண்டி வராந்தாவில் வழுக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் நின்றான். எல்லோரும் கைதட்டினார்கள். விசாரித்ததில் தொரட்டி என்று தெரிந்தது. கைதட்டல் நின்றது.

"இதையே எடுத்துக்கலாமே சார்?" என்றார் வெங்கட்ரமணன்.

மலையாண்டி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏன்யா, இது ஏற்கெனவே இருக்கு. ஏற்கெனவே இருக்கிறதைத் தேர்ந்தெடுக்கவா ஒரு தேர்வுக் குழு? அப்ப இந்த ஆறு மாசமா நாம என்ன செஞ்சோம்னு சென்னைக்காரன் கேக்க மாட்டான்?"

சோணையம்மாள் தொரட்டியை வாங்கிக்கொண்டாள். "அந்தப் போர்டு சாமி?" என்று கேட்டாள். அது வேறு பிரிவு என்று சொல்லி அனுப்பினார்கள்.

கடைசியில் கப்பலூரில் பட்டறை வைத்திருந்த தவசிக்கு யோகம் அடித்தது. "நாப்பது அடி என்ன சார், நானூறு அடிகூட நீட்டிருவேன். மடக்குறதுதேன் கொஞ்சம் சங்கடம்" என்றார். ஆடி மாதத்தில் கொக்கி வந்தது. குழாய்க்குள் குழாய், அதற்குள் குழாய் என்று அலுமினியத்தில் பளபளவென்று மடங்கி, குழந்தை மாதிரி துணியில் சுற்றி வந்தது. மலையாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. தானே இழுத்து நீட்டி, தானே மடக்கி, பத்து தடவை விளையாடினார்.

"இதைக் காத்துல நிறுத்திச் சோதனை பண்ணணும்யா. ஆபீஸ்ல உயரம் பத்தாது. எங்க வீட்டு மொட்டைமாடில நிறுத்தலாம்."

"நுனியில வெயிட் இல்லாம எப்படி சார் சோதிக்கிறது?" என்று தவசி எடுத்துக்கொடுத்தார். அந்த ஆளுக்குப் பிழைக்கத் தெரியும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாகவேண்டும். மலையாண்டியின் மைத்துனர் குடையோடு ஒரு டெலிவிஷன் பெட்டியும் கொடுத்தனுப்பியிருந்தார். அப்போது மதுரையில் படம் கிடையாது. பெட்டிக்குப் பூத்துணி போர்த்தி, மேலே பிளாஸ்டிக் ரோஜா வைத்திருந்தார்கள். ஆனால் போதிய உயரத்தில் கம்பு நட்டு ஏரியல் கட்டினால் இலங்கை தெரியும் என்று ஊரெல்லாம் பேச்சு. நுனியில் வெயிட்டுக்காக, சோதனையின் பொருட்டு, பொதுநலன் கருதி, ஒரு ஏரியல் கட்டப்பட்டது. அன்று சாயங்காலம் பெட்டியில் முதலில் மழை பெய்தது. மதுரையில் பெய்யாத மழை எல்லாம் அதில் பெய்தது. அப்புறம் மழைக்கு நடுவே ஒரு அம்மாள் தோன்றித் தமிழில் வணக்கம் சொன்னாள். தெருவே எழுந்து நின்றது.

அதன் பிறகு கொக்கி திரும்பி ஆபீஸுக்கு வரவில்லை. யார் கேட்டாலும் "தொடர் சோதனையில் உள்ளது" என்று பதில். சாயங்காலமானால் மலையாண்டி வீட்டுக் கூடத்தில் தெரு ஜனம், முற்றத்தில் அடுத்த தெரு ஜனம். தேர்வுக் குழு முன் வரிசை. ஸ்யாமளா பரீட்சைப் பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கேயே உட்கார்ந்து திருத்தினாள். நல்ல பாட்டு வந்த நாளில் பிள்ளைகள் எல்லாம் பாஸ். முதல் நாள் வெங்கட்ரமணனுக்கு மனசு உறுத்தியது. இரண்டாவது நாள் இடம் கிடைக்காததுதான் உறுத்தியது.

ஐப்பசியில் வானம் பிய்த்துக்கொண்டது. கார்த்திகையில் நெடுமடைக் கண்மாய் கரை முட்டி நின்றது. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருகிறார் என்று சென்னையிலிருந்து தகவல் வந்தது. விழாவுக்கு முதல் நாள் பிற்பகல் மலையாண்டி வெள்ளோட்டம் பார்க்கப் போனார். படகில் ஏறி அன்னத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக நின்றார்.

"ம், கிளம்பட்டும்யா."

விருமாண்டி என்ன செய்தான் என்றால், டவுன் பஸ் மக்கர் பண்ணினால் நம் ஊரில் எல்லோரும் என்ன செய்வோமோ அதைச் செய்தான். கயிற்றை அவிழ்த்தான். படித்துறையில் நின்றபடியே தோளைக் கொடுத்து, "ஏலே... தள்ளு!" என்று ஒரே தள்ளு. வண்டியைத் தள்ளுகிறவன் வண்டிக்குள் இருக்க முடியாதல்லவா? படகு போய்விட்டது. விருமாண்டி நின்றுவிட்டான்.

"யோவ்! துடுப்பு எங்கய்யா?" என்று நடுக்கண்மாயை நோக்கிப் போய்க்கொண்டே கத்தினார் மலையாண்டி.

"இங்கன இருக்கு சார். சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, வாழைமரத்துல சாத்தியிருக்கேன். நாளைக்கு அமைச்சர் தொட்டுக் குடுக்கணும்ல? அதுக்கு முன்னாடி எடுத்தா ஆகாது சார்."

"நீந்தி வாய்யா!"

"எனக்குத் தண்ணியில கண்டம் சார்!"

படகு காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. எட்டிக் குதிக்கவும் முடியாது, இறங்கி நடக்கவும் முடியாது. கரைக்கும் அவருக்கும் நடுவே சரியாக ஒரு நாற்பதடி இருக்கும். அங்கிருந்து மலையாண்டி அலறியது வெங்கட்ரமணனுக்குத் தெளிவாகவே கேட்டது.

"கொக்கி! வெங்கட்ரமணன்! எங்க வீட்டு மாடியில இருக்கு! ஜீப்புல போய் இப்பவே எடுத்துட்டு வாரும்! இருட்டுறதுக்குள்ள வரலைன்னா, மண்டபம்! மண்டபம்!"

ஜீப் பறந்தது. வெங்கட்ரமணன் வழியெல்லாம் மீனாட்சியை வேண்டிக்கொண்டு வந்தார். மலையாண்டி வீட்டில் கால் வைக்க இடமில்லை. அன்றைக்கு இலங்கையில் தமிழ்ப் படப் பாட்டு போடுகிற நாள்.

"அம்மா, சார் நடுக்கண்மாயில தனியா மாட்டிண்டுட்டார். மாடியிலேர்ந்து கொக்கியைக் கழட்டணும்!"

மலையாண்டியின் மனைவி செல்லத்தாய் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சும்மா இருங்க சார். நடுத்தண்ணியில இருந்து அவரு எங்கிட்டுப் போயிரப் போறாரு? பாட்டு முடியட்டும்."

"இருட்டறதுக்குள்ள கொண்டுபோகலேன்னா என்னை மண்டபத்துக்கு மாத்திடுவார்மா!"

"அண்ணே, மறைக்காதீக!" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல்.

வெங்கட்ரமணன் யாரையும் கேட்காமல் மாடிப்படி ஏறினார். மழைக்காற்றில் கம்பு ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்தார். பிடித்ததுதான் தாமதம், கீழேயிருந்து ஒரு பெருங்கூச்சல் எழுந்தது.

"ஆகா! தெரியுது! கண்ணாடி மாதிரி தெரியுது! யாருப்பா மேல? கையை எடுக்காதீக!"

வெங்கட்ரமணன் கையை எடுத்தார். "அய்யய்யோ!" என்று வீடே அழுதது. பிடித்தார். "ஆகா!" எடுத்தார். "அய்யய்யோ!" அப்போது அந்த இரைச்சலுக்கு மேலே ஒரு குரல் கேட்டது. ஸ்யாமளாவின் குரல்தான்.

"ஏன்னா! நீங்களா? அப்படியே நில்லுங்கோன்னா! உங்க கை பட்டதும் என்னமா தெரியறது தெரியுமோ! என் தங்கமோன்னோ, அசையாதீங்கோ!"

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் அவரைத் தங்கம் என்று சொன்னதில்லை. உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் தொட்ட எந்தக் காரியமும் இப்படிப் பளிச்சென்று விளங்கினதும் இல்லை. ஒரு பாட்டு முடியட்டும் என்று நின்றார். அப்புறம் இன்னொரு பாட்டு. யாரோ கீழேயிருந்து காப்பி கொண்டுவந்து வாயில் ஊற்றிவிட்டுப் போனார்கள். சூரியன் நாகமலைக்குப் பின்னால் இறங்கியதை அவர் பார்த்தார். பார்த்தும் கையை எடுக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதுதான் உண்மை.

மறுநாள் காலையில் அமைச்சர் வருகை தள்ளிப்போய்விட்டது என்று சென்னையிலிருந்து தகவல் வந்தது. விருமாண்டி வந்து மீதிக் கதையைச் சொன்னான். இருட்டுகிற நேரத்துக்குக் காற்று படகைக் கரைப்பக்கம் கொண்டுவந்து தள்ளியிருக்கிறது. அங்கே ஆட்டை ஓட்டிக்கொண்டு சோணையம்மாள் நின்றிருக்கிறாள்.

"தொரட்டியை நீட்டு ஆத்தான்னு சார் கெஞ்சுறாரு. போர்டைப் புடுங்கச் சொல்லுங்க, நீட்டுறேன்னு அவ நிக்கிறா. அது வேற பிரிவுன்னாரு. அப்ப வேற தொரட்டி பாத்துக்கங்கன்னு அவ ஆட்டை ஓட்டிட்டா. பெறகு அவரே படகுல நின்னுக்கிட்டு, 'புடுங்குய்யா அந்தப் போர்டை'ன்னு எனக்கு உத்தரவு போட்டாரு. புடுங்கினேன். இழுத்தா. வந்துட்டாரு."

வெங்கட்ரமணனின் மேஜையில் உத்தரவு காத்திருந்தது. நிர்வாக நலன் கருதி உடனடியாக மண்டபம் கிளைக்கு மாற்றப்படுகிறார். ஆறுதல் சொல்ல ஆபீஸே திரண்டு வந்தது. ஆனால் வந்தவர்கள் முகத்தில் துக்கம் இல்லை. ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"ஓய், மண்டபமா?" என்றார் கணக்குப் பிரிவுக்காரர், பெருமூச்சு விட்டு. "கடலுக்கு அந்தப் பக்கம் சிலோன். அங்க கம்பே வேணாமாமே! ஜன்னல்ல ஒரு குடைக் கம்பியைச் சொருகினா போதுமாம், கொழும்பு கூடத்துக்குள்ளயே வந்துருமாம். உமக்கு எங்கேயோ மச்சம்யா."

ஒவ்வொருவராக மெல்ல நழுவி அவரவர் இடத்துக்குப் போய்க் காகிதம் எடுத்தார்கள். மத்தியானத்துக்குள் மண்டபத்துக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. ஒருவருக்கு ராமநாதசுவாமி கனவில் வந்து கூப்பிட்டிருந்தார். ஒருவருக்கு உப்புக் காற்றுதான் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீரில் கண்டம் உள்ள விருமாண்டியும் எழுதிக் கொடுத்திருந்தான். ஸ்யாமளாவுக்குச் செய்தி போய், பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் பாத்திரம் பண்டங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்காதா என்ன என்றாளாம்.

மலையாண்டி எல்லா விண்ணப்பங்களையும் படித்தார். நீண்ட நேரம் யோசித்தார். சாயங்காலம் புது உத்தரவு வந்தது. மண்டபம் பணியிடம் தண்டனைக்குரியது அல்ல என்று ஊழியர்களின் விண்ணப்பங்களால் நிரூபணமாவதால், தவறிழைத்த ஊழியருக்கு அதை வழங்குவது முறையாகாது. ஆகவே முன் உத்தரவு ரத்து. வெங்கட்ரமணன் தண்டனையாக மதுரையிலேயே பணிபுரியவேண்டும். மண்டபம் கிளையின் அவல நிலையைச் சீர்படுத்தும் பெரும் பொறுப்பைத் துணை இயக்குநர் தாமே ஏற்று, குடும்பத்தோடும் பெட்டியோடும் அங்கே செல்வார்.

கொக்கி மட்டும் மதுரையில் தங்கியது. அதைக் கழற்றிக் கண்மாய்க்குக் கொண்டுபோகக்கூடாது என்று தெருவாசிகள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து மனு போட்டோம். அதுவரை இந்தத் துறை ஒரு கம்பு வாங்கத் துப்பில்லாமல் கிடக்கிறது என்று டீக்கடையில் சிரித்தவர்களும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். காலி வீட்டுக் கூடத்துக்கு எதிர்வீட்டுக்காரர் ஒரு பெட்டி வாங்கிவிட்டார். படகைச் சோணையம்மாள்தான் தினமும் தொரட்டியால் இழுத்துக் கட்டுகிறாள். அதற்குப் பதிலாக அன்னத்தின் கழுத்தில் ஆட்டுக்குத் தழை தொங்கவிட்டுக்கொள்கிறாள்.

வெங்கட்ரமணன் உத்தரவை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனார். தான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, மதுரையைவிட்டு நகரவேண்டாம் என்று வாசலிலிருந்தே சொன்னார். ஸ்யாமளா கட்டி முடித்த சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். உத்தரவை வாங்கி முழுக்கப் படித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போயும் போயும் உங்களைக் கட்டிண்டேனே! ஒரு தண்டனையைக்கூட உங்களுக்கு உருப்படியா வாங்கத் தெரியலையேன்னா!" என்றாள்.